குளோபல் விண்ட் அட்லஸும் க்யூஜிஐஎஸ்ஸும்: தோவாளை வட்டத்தில் காற்றாலை நிலத்தைச் சோதித்துப் பார்த்த மதிப்பீடு

என் தாய்மாமாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே 3 ஏக்கர் 40 சென்ட் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் குடும்பத்தின் கையில் இருக்கும் அந்த நிலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் நின்று பேசினால் எதிரே நிற்பவருக்குக் கேட்காது. காற்று சொல்லை வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போய்விடும். கடந்த ஆண்டு, காற்றாலைக்கு நிலம் சேர்த்துக் கொடுக்கும் இடைத்தரகர் ஒருவர் வண்ணத்தில் அச்சிட்ட வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மாமாவின் நிலம் அதில் நீலமாகவும், வேலிக்கு மேற்கே உள்ள நிலம் சிவப்பாகவும் இருந்தன. ஆகவே பக்கத்து நிலத்துக்குத் தரும் குத்தகையில் பாதிதான் மாமாவுக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே மாமா அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டார். “மக்களே, காத்து வேலியப் பாத்துட்டா வீசுது?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

நில அளவைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அதற்காக நான் பயன்படுத்தியவை இரண்டு கருவிகள். ஒன்று, காற்றின் வேகத்தை உலகம் முழுவதற்கும் வரைபடமாகத் தரும் குளோபல் விண்ட் அட்லஸ் என்ற இணையச் சேவை. மற்றொன்று, வரைபடங்களை அடுக்கடுக்காக வைத்து ஆராய உதவும் க்யூஜிஐஎஸ் என்ற கணினி மென்பொருள். இரண்டும் இலவசம். இரண்டையும் ஏறத்தாழ ஓர் ஆண்டு தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நிலத்தில் வைத்துப் பார்த்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். காற்றாலைக்காக நிலம் கேட்டு வருபவர்களோடு பேச வேண்டிய நிலையில் இருக்கும் நம் மாவட்ட நில உடைமையாளர்களையும், அவர்களுக்கு உதவக்கூடிய பொறியியல் மாணவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அட்லஸ். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கிக் குழுமமும் சேர்ந்து வழங்கும் இந்தச் சேவை 2015இல் முதன்முதலாக வெளிவந்தது. நான் முழுமையாகச் சோதித்தது 2019இல் வந்த மூன்றாம் பதிப்பின் தரவை. தளத்தைத் திறந்து, ஊர்ப்பெயரைத் தேடி, வேண்டிய பகுதியைச் சுற்றிக் கோடு வரைந்தால், தரையிலிருந்து 10, 50, 100, 150, 200 மீட்டர் உயரங்களில் காற்றின் ஆண்டுச் சராசரி வேகத்தையும், காற்றில் அடங்கிய ஆற்றலின் அடர்த்தியையும், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று வருகிறது என்பதைக் காட்டும் வட்டப்படத்தையும் அது தருகிறது. பதிவு செய்யவோ பணம் கட்டவோ தேவையில்லை. மூலத்தைக் குறிப்பிட்டால் வரைபடத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெரிய நிறுவனங்களின் அலமாரிகளில் மட்டுமே இருந்த தரவு இன்று ஆரல்வாய்மொழித் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசியிலும் திறக்கிறது என்பதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

திசை காட்டும் வட்டப்படத்தைத்தான் நான் அதிகமாக விரும்பினேன். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் சுட்டியை வைத்தவுடன் மேற்குப் பக்கத்து இதழ்கள் மட்டும் நீண்டு, மற்ற இதழ்கள் சுருங்கிப்போவதைப் பார்க்கும்போது, கோடைக்காற்றின் ஆட்சியை ஒரே படத்தில் பார்த்தது போல் இருந்தது. மாதவாரியான வரைபடமும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எழுந்து, பிறகு தாழ்ந்து, நாம் உடம்பால் அறிந்ததை உறுதிப்படுத்துகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை எண்ணாக மாற்றிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் கோடு நல்ல எடுத்துக்காட்டு. ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடி மலையின் பெயரும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1752இல் கிறித்தவ மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை சுட்டுக்கொல்லப்பட்ட அந்த மலைக்கும் இன்று அதன் அடிவாரத்தில் சுழலும் காற்றாடிகளுக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறியாமல் பயன்படுத்தினால் தவறு நேரும். அட்லஸ் காட்டும் வேகம், நம் ஊரில் கம்பம் நட்டு அளந்த வேகம் அன்று. ஐரோப்பிய வானிலை மையத்தின் இ.ஆர்.ஏ.-5 என்ற கடந்தகால வானிலைத் தரவில் 2008 முதல் 2017 வரையிலான பத்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அதைக் கணினி மாதிரிகளால் படிப்படியாக நுணுக்கியிருக்கிறார்கள். மூலத் தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். அதை முதலில் 3 கிலோமீட்டர்க் கட்டங்களாகவும், பின்னர் மேடு பள்ளங்களையும் மரம், வயல், நீர் போன்ற தரைப்பரப்பின் தன்மையையும் சேர்த்துக் கணக்கிட்டு 250 மீட்டர்க் கட்டங்களாகவும் சிறிதாக்கியிருக்கிறார்கள். நம்முடைய கணவாயை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மகேந்திரகிரி. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் வழியாக நெருக்கிப் பிழியப்பட்டு வேகம் கூடி வெளியேறும் காற்று. 30 கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் அந்தத் திறப்பே மறைந்துபோகிறது. அதன் விளைவைப் பின்னால் வரும் கணக்குகள்தான் மீட்டுத் தர வேண்டும். பெருமளவுக்கு மீட்டுத் தருகின்றன என்பதே என் கருத்து, ஏனென்றால் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதியும் காவல்கிணறு பக்கமும் படத்தில் தனியே எடுப்பாகத் தெரிகின்றன. ஆனால் மலைச்சரிவை ஒட்டிய இடங்களில் நொடிக்கு அரை மீட்டர் தவறுவது இத்தகைய மாதிரிகளுக்கு இயல்பானது.

இந்த இடத்தில்தான் மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 250 மீட்டர் நீளமும் 250 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டத்தின் பரப்பு 6.25 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர் 44 சென்ட். மாமாவின் நிலம் அதில் கால்வாசிகூட இல்லை. ஒரே கட்டத்துக்குள் எத்தனை வேலிகள் இருந்தாலும் அட்லஸுக்குத் தெரிந்தது ஒரே எண்தான். அப்படியானால் வேலிக்கு இப்பால் நீலமும் அப்பால் சிவப்பும் எப்படி வந்தன? நான் அதே தரவை இறக்கி க்யூஜிஐஎஸ்ஸில் திறந்து பார்த்தேன். இரண்டு கட்டங்களின் எல்லை தற்செயலாக மாமாவின் மேற்கு வேலிக்கு அருகில் விழுந்திருந்தது உண்மை. ஆனால் இரண்டு கட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு நொடிக்குக் கால் மீட்டர்கூட இல்லை. அந்தச் சிறிய வேறுபாட்டின் கீழ் எல்லைக்கு நீலமும் மேல் எல்லைக்குச் சிவப்பும் கொடுத்து, வண்ணங்களுக்கு உரிய எண்களைத் தரும் விளக்கப் பட்டியை நீக்கிவிட்டு அச்சிட்டிருந்தார்கள். க்யூஜிஐஎஸ் தானாகவே திறந்த தரவில் உள்ள மிகக்குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் எடுத்து வண்ணத்தை இழுத்துப் பரப்பும் வழக்கம் உடையது. அதை மாற்றாமல் விட்டால், ஒரே மாதிரியான நிலம்கூட வானவில்லாகத் தோன்றும். அதை வேண்டுமென்றே செய்தார்களா, அறியாமல் செய்தார்களா என்று நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் விளக்கப் பட்டி இல்லாத வண்ணப்படத்தைக் காட்டி நிலத்துக்கு விலை பேசுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அன்று முழுமையாக உணர்ந்தேன்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தைவிட 7 மீட்டர் வீசும் இடத்தில் ஆற்றல் ஏறத்தாழ 59 விழுக்காடு அதிகம். ஆகவே சிறிய வேறுபாடுகளும் முக்கியமானவைதாம். 6.75க்கும் 7க்கும் உள்ள கால் மீட்டர் வேறுபாடு உண்மையாகவே இருந்தால், ஆற்றலில் ஏறத்தாழ 11 விழுக்காடு வேறுபாடு வரும். அதற்காகக் குத்தகையில் சிறிது குறைத்துப் பேசினால் புரிந்துகொள்ளலாம். பாதியாக வெட்டுவதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. அதுவும் அந்தக் கால் மீட்டர், மாதிரியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் அளவு.

அட்லஸைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய வேறு இரண்டு செய்திகளும் உண்டு. ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு வரைந்ததும் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒரு வேகம் தோன்றும். அது அந்தப் பகுதியின் சராசரி அன்று. அதற்குள் காற்று மிக அதிகமாக வீசும் பத்து விழுக்காடு இடத்தின் சராசரி. தோவாளை வட்டம் முழுவதையும் சுற்றி வரைந்தால் மலைமுகட்டின் வேகம் வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு செண்பகராமன்புதூர் வயல்வெளியில் இவ்வளவு காற்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகாது. தளத்தில் இதைக் குறிப்பிட்டுத்தான் இருக்கிறார்கள், ஆனால் கண்ணில் படும்படி குறிப்பிடவில்லை. இந்தச் சேவையில் நான் காணும் பெரிய குறை இதுதான். இரண்டாவது, அட்லஸுக்கு நம் ஊரின் காற்றாலைகளைத் தெரியாது. இந்தியாவின் மிகப்பெரிய நிலப்பகுதிக் காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றான முப்பந்தல் பகுதியின் நிறுவு திறன் ஏறத்தாழ 1,500 மெகாவாட் என்று சொல்லப்படுகிறது. ஒரு காற்றாடியைக் கடந்து வரும் காற்று வேகம் குறைந்து, கலங்கி வரும். அதற்குப் பின்னால் உள்ள நிலத்துக்குக் கிடைப்பது அந்தக் கலங்கிய காற்றே. அட்லஸ் கணக்கிடுவதோ எதுவும் நிற்காத வெறும் நிலத்தின் காற்றை. ஆளில்லாத பாலைநிலத்தில் இது பொருட்டல்ல. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாடி தெரியும் நம் பகுதியில் இது முதன்மையான குறை.

ஊர்ப்பெயர்த் தேடலும் நம்மவர்களுக்கு எளிதாக இல்லை. தமிழில் இடைமுகம் இல்லை. ஆரல்வாய்மொழியை ஆங்கிலத்தில் எழுதும் முறைகளே பல. ஆங்கிலேயர் காலத்தில் ஆரம்போலி என்று எழுதிய வழக்கும் உண்டு. நம் பத்திரங்களில் நிலத்தை அடையாளம் காட்டுவது விளையின் (மேட்டுத் தோட்டம்) பெயரும் ஏலாவின் (வயல் தொகுதி) பெயரும் குளத்தின் பெயருமாக இருக்கும். அவற்றுள் எதுவும் தேடலில் கிடைக்காது. வயலின் ஓரத்தில் நின்று கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு வந்து அந்த எண்களைக் கொடுப்பதே நம்பகமான வழி.

இப்போது க்யூஜிஐஎஸ்ஸுக்கு வருகிறேன். காற்று எங்கே வீசுகிறது என்பதை அட்லஸ் சொல்லும். காற்றாடியை எங்கே நட முடியும் என்பதை அது சொல்லாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கடினமான கேள்வி இரண்டாவதுதான். 2002இல் தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்துவரும் இந்த மென்பொருள், வீடு, சாலை, மின்கம்பி, குளம், காடு, சரிவு என ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளாக வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாத் தடைகளையும் கழித்தபின் எஞ்சும் நிலத்தைக் காட்டுகிறது. கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வழக்கமான கணினி போதும். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: எல்லாத் தாள்களையும், பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். 43 வடக்கு என்ற அளவீட்டு முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நம் மாவட்டம் முழுவதும் 78 பாகை தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் அந்த ஒரே மண்டலத்தில் அடங்கிவிடுகிறது. இதைச் செய்யாமல் தூரத்தை அளந்தால் மென்பொருள் மீட்டருக்குப் பதிலாகப் பாகையில் கணக்கிட்டு, பொருளற்ற வட்டங்களை வரைந்து தரும். நானும் முதல் வாரத்தில் அப்படிப்பட்ட வட்டங்களை வரைந்து பார்த்துக் குழம்பியிருக்கிறேன்.

தடைகளைக் கழிக்கும் வேலை எவ்வளவு கடுமையானது என்பதை ஒரே ஒரு வீட்டை வைத்து விளக்குகிறேன். ஒன்றிய அரசு 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஓசையால் குடியிருப்போருக்குத் தொல்லை வராதிருக்கக் காற்றாடிக்கும் வீடுகளுக்கும் இடையே 500 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு வீட்டைச் சுற்றி 500 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தால் அதன் பரப்பு 78.5 ஹெக்டேர், அதாவது 194 ஏக்கர். தோப்புக்குள் ஒரு வீடு, விளைக்குள் ஒரு வீடு என்று சிதறி வாழும் நம் மாவட்டத்தில் இப்படி வட்டங்களைப் போட்டுக்கொண்டே போனால், தாள் முழுவதும் வட்டங்களால் நிரம்பிவிடுகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் எஞ்சுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பழைய திருவிதாங்கூரின் அந்த அடர்ந்த குடியிருப்பும், ரப்பரும் தென்னையும் நிறைந்த நிலமும் காற்றாலைக்கு உரியவை அல்ல என்பதை அட்லஸ் சொல்வதற்கு முன்பே இந்த வட்டங்கள் சொல்லிவிடுகின்றன. சாலை, இருப்புப்பாதை, உயர் அழுத்த மின்கம்பி ஆகியவற்றுக்கு வேறு கணக்கு: காற்றாடியின் மைய உயரத்தோடு, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டமான சுழல்விட்டத்தின் பாதியையும் மேலும் 5 மீட்டரையும் கூட்டிய தூரம். மைய உயரம் 120 மீட்டர், சுழல்விட்டம் 140 மீட்டர் என்றால் இடைவெளி 195 மீட்டர். கணவாயின் குறுகிய இடத்திலேயே நாகர்கோவில் – திருநெல்வேலி தேசிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் மின்தடங்களும் செல்வதால், காற்று மிக அதிகமாக உள்ள பட்டையில்தான் தடைகளும் மிக அதிகமாக இருக்கின்றன. படத்தில் அடர் சிவப்பாகத் தெரியும் இடத்தைக் காட்டி ஆசை காட்டுபவர்கள் இந்தத் தாளை எடுத்துக் காட்டுவதில்லை.

காற்றாடிகளுக்கு இடையேயான இடைவெளியும் இங்கே சேர்கிறது. காற்று வரும் திசையில் சுழல்விட்டத்தைப் போல ஏழு மடங்கும், அதற்குக் குறுக்கே ஐந்து மடங்கும் இடைவெளி விடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட முறை. 1990களில் நடப்பட்ட, 27 மீட்டர் சுழல்விட்டம் கொண்ட 225 கிலோவாட் காற்றாடிக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 6.3 ஏக்கர் போதும். இன்றைய 140 மீட்டர் சுழல்விட்டத்துக்கு ஏறத்தாழ 169 ஏக்கர் வேண்டும். பழைய காற்றாடிகளை அகற்றிப் புதியவற்றை நடும் திட்டத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டிருப்பதால், தோவாளை வட்டத்தில் இனி வரவிருக்கும் பேச்சுகளில் பெரும்பகுதி புதிய நிலத்தைப் பற்றியதாக இராது. ஏற்கெனவே காற்றாடி நிற்கும் சிறு சிறு துண்டுகளைச் சேர்ப்பதைப் பற்றியதாக இருக்கும். ஒரு புதிய காற்றாடிக்கு வேண்டிய பரப்புக்குள் பழைய காற்றாடிகள் இருபதுக்கும் மேல் அடங்கக்கூடும். அவற்றின் உரிமையாளர்களும் பலராக இருப்பார்கள். க்யூஜிஐஎஸ்ஸில் பழைய காற்றாடிகளைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து புள்ளிகளாகக் குறித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் இந்த ஏழுக்கு ஐந்து மடங்கு நீள்சதுரத்தை மேற்குத் திசைக்குத் திருப்பி வைத்துப் பார்த்ததுதான் இந்த ஓராண்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட வேலை. எந்த நிலம் எந்தக் காற்றாடியின் பின்னால் கிடக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

உயர வரைபடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து பதினொரு நாளில் ரேடார் மூலம் எடுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். தரவு. 30 மீட்டர்க் கட்டம் என்பதால் சரிவைக் கணக்கிடப் போதுமானது. ஆனால் ரேடார் அலை மரத்தின் தலையிலேயே பெரும்பாலும் திரும்பிவிடுவதால், அடர்ந்த தோப்புள்ள இடங்களில் தரை உயர்ந்ததாகக் காட்டும். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள இறக்கையை ஏற்றிவரும் வண்டி திரும்ப வேண்டிய வளைவுகளைத் திட்டமிடுவோர் இதை மட்டும் நம்பக் கூடாது. நேரில் போய் அளக்க வேண்டும்.

குளங்களைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வரைபடக் கருவிகள் நம் மாவட்டத்தில் மிகப்பெரிய பிழையைச் செய்வது இங்கேதான். உலகளாவிய நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் கோடையில் வற்றிக் கிடக்கும் குளம் தரிசு என்று பதிவாகிவிடுகிறது. தரிசு என்றால், மென்பொருளின் கணக்கில் அது காற்றாலைக்கு முதல் தகுதியுள்ள நிலம். நானே முதலில் தயாரித்த வரைபடத்தில் மூன்று குளங்கள் ‘மிகவும் ஏற்றது’ என்ற பச்சை நிறத்தில் வந்து நின்றன. அவற்றுள் ஒன்றில் நான் சிறு வயதில் நீந்தியிருக்கிறேன். இந்தப் பிழையைத் திருத்த, 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களை வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய வாரங்களுக்கு எடுத்து, நீர் உள்ள இடங்களைப் பிரித்து, அவற்றைத் தனித் தாளாகச் சேர்த்தேன். குளத்தின் கரையோடு நிறுத்திவிடவும் கூடாது. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதி 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வலசை வரும் பறவைகள் தேரூரில் இரை தேடிவிட்டு வேறு குளங்களுக்குப் பறந்து போகும் வழியும் இந்த வட்டங்களின் மேல்தான் இருக்கிறது. அந்த வழியை எந்தத் தாளும் தானாகக் காட்டாது. பறவைகளைக் கணக்கெடுப்போரைக் கேட்டு நாமே வரைந்து சேர்க்க வேண்டும். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லையையும், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களையும் இதேபோல் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. இவற்றை விட்டுவிட்டுத் தயாரித்த ‘தகுதி வரைபடம்’ எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை ஏற்க மாட்டேன்.

புல எண்களைச் சேர்ப்பது அடுத்த சிரமம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவும் புலப்படமும் கிடைக்கின்றன. ஆனால் புலப்படம் என்பது ஒரு தனித் தாள். அது உலக வரைபடத்தில் எங்கே உட்கார வேண்டும் என்ற செய்தி அந்தத் தாளில் இல்லை. ஆகவே நிலத்துக்குப் போய், எல்லைக்கற்களைத் தேடிப் பிடித்து, ஜி.பி.எஸ். கருவியால் அவற்றின் இடத்தைக் குறித்து, பிறகு க்யூஜிஐஎஸ்ஸில் உள்ள பொருத்தும் கருவியால் தாளை அந்தப் புள்ளிகளில் பதிக்க வேண்டும். மாமாவின் நிலத்தில் நான்கு கற்களில் இரண்டுதான் இருந்தன. மற்றவற்றைப் பக்கத்துப் புலங்களின் கற்களிலிருந்து அளந்து கண்டுபிடித்தோம். மென்பொருள் தன் வேலையைத் துல்லியமாகவே செய்தது. பொருத்திய தாளின் பிழை எத்தனை மீட்டர் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நம் நாட்டுக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. இஸ்ரோவின் புவன் தளத்தில் உள்ள நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் வெளிநாட்டு வரைபடங்களைவிட நம் பயிர்களை நன்றாகப் பிரித்தறிகின்றன. தளம் மெதுவாகத் திறக்கிறது என்பதைத் தவிரக் குறையில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடங்கள், இங்கே நட்ட கம்பங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. ஆகவே அட்லஸின் எண்ணுக்கும் இந்த நிறுவனத்தின் எண்ணுக்கும் முரண் வந்தால் நான் இரண்டாவதையே நம்புவேன். கம்பம் நட்டு அளக்கும் அந்த மரபுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்த வானிலையியலாளர் அன்னா மணி. இந்தியக் காற்றின் ஆற்றலை ஊர் ஊராக அளந்து தொகுக்கும் பணியை 1980களில் அவர் வழிநடத்தியதால்தான், ஆரல்வாய்மொழி போன்ற இடங்களின் காற்றைப் பற்றி எண்களோடு பேச முடிகிறது.

அட்லஸ் ஒரு நிலத்தை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு மிக நல்ல கருவி. ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுக்கவும் விலை பேசவும் அது போதாது. காற்றே இல்லாத ஊரில் பணத்தைக் கொட்டப்போகும் ஒருவரை அது ஐந்து நிமிடத்தில் தடுத்துவிடும். காற்று நிறைந்த தோவாளையில் இரண்டு பக்கத்து நிலங்களுக்கு இடையே தீர்ப்புச் சொல்லும்படி அதைக் கேட்டால், அது தன் எல்லையைத் தாண்டிய வேலையைச் செய்ய வேண்டியதாகும். க்யூஜிஐஎஸ்ஸைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நாகர்கோவில் பொறியியல், புவியியல் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் குளங்களையும் வீடுகளையும் காற்றாடிகளையும் அதில் குறித்துப் பழக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்தத் தாள்கள் ஊர்க்காரர்களின் கையில் இருந்தால், வெளியிலிருந்து வருபவர் காட்டும் வண்ணப்படத்தோடு அவற்றை ஒப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும்.

மாமாவுக்கு நான் கொடுத்தது ஒரே தாள்தான். அதில் அவருடைய நிலத்தின் எல்லை, இரண்டு கட்டங்களின் வேகம் எண்களில், மேற்கே நிற்கும் பழைய காற்றாடிகள், வடகிழக்கே 420 மீட்டரில் உள்ள ஒரு வீடு, கீழே முழுமையான விளக்கப் பட்டி ஆகியவை இருந்தன. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அந்த வீட்டைத் தொட்டுக் காட்டி, “அப்பம் காத்தாடிய எனக்க நிலத்துல நடமாட்டாவ, வேற எதுக்கோதான் கேக்குதாவ, இல்லியா மக்களே?” என்றார். அதை நான் எண்ணியிருக்கவில்லை. 500 மீட்டர் கணக்கின்படி அவருடைய நிலத்தின் கிழக்குப் பகுதி தடைக்குள் விழுகிறது. ஆனால் பக்கத்து நிலத்தில் நடப்படும் காற்றாடிக்குப் பாதையாகவும், இறக்கையை இறக்கி வைக்கும் களமாகவும் அது தேவைப்படும். இடைத்தரகர் அடுத்த முறை வந்தபோது மாமா அந்தத் தாளை விரித்து வைத்து, பாதைக்கா காற்றாடிக்கா என்று முதலில் எழுத்தில் சொல்லும்படியும், காற்றாடிக்கு என்றால் அருகில் கம்பம் நட்டு ஓர் ஆண்டு அளந்த தரவைக் காட்டும்படியும் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை நிலத்தில் வழக்கம்போல் கொள்ளு விதைத்திருக்கிறார்.